மறு: இரண்டு தொடர்கள் ஒரே கதையில் சேரும் அத்தியாயத்துக்கு என்ன சொல்?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

இரண்டு தொலைக்காட்சித் தொடர்கள் ஒரே கதையில் சேரும் அத்தியாயத்தை ஆங்கிலத்தில் 'கிராஸ்ஓவர்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற கேள்விக்கு இந்த இழையில் வந்த பரிந்துரைகளை எல்லாம் ஒரே மூச்சில் படித்தேன். கலப்பு அத்தியாயம், குறுக்கேற்றம், உலகிணைப்பு, கூடல், மகா சங்கமம், அப்புறம் 'கிராஸ்ஓவர்' என்றே எழுதிவிடலாம் என்ற கருத்து. என் பரிந்துரை 'சந்திப்பு'. கலைச்சொல்லாகத் தனித்து நிற்க வேண்டிய இடத்தில் 'கதைச்சந்திப்பு' என்றும், வாக்கியத்துக்குள் வரும்போது 'சந்திப்பு அத்தியாயம்' என்றும் எழுதலாம்.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். பழைய அமெரிக்கக் குற்றத் தொடர்களும் மருத்துவத் தொடர்களும் சேர்ந்த இடங்களை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த உத்தி என்ன செய்கிறது என்பது அங்கேதான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. 1972 செப்டம்பரில் என்பிசி தொலைக்காட்சியில் 'அயர்ன்சைட்' தொடரின் புதிய பருவம் தொடங்கியது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே சான்ஃபிரான்சிஸ்கோவில் துப்பறியும் அயர்ன்சைடின் வலது கை போன்றவர் சார்ஜென்ட் எட் பிரவுன். அவர் சுடப்படுகிறார். கதையின் முதல் பாதி அயர்ன்சைடில் வந்தது. இரண்டாம் பாதியைப் பார்க்க அடுத்த வாரம் அதே நேரத்தில் உட்கார்ந்தால் கிடைக்காது. சில நாள் கழித்து, 'தி போல்ட் ஒன்ஸ்' வரிசையில் வந்துகொண்டிருந்த மருத்துவத் தொடரில்தான் அது வந்தது. இரண்டுமே யுனிவர்சல் நிறுவனத்தின் தயாரிப்பு, இரண்டும் ஒரே அலைவரிசை. அதனால் இப்படிச் செய்ய முடிந்தது.

குற்றத் தொடரின் கேள்வி, சுட்டது யார் என்பது. மருத்துவத் தொடரின் கேள்வி, பிழைப்பாரா என்பது. ஒரு துப்பாக்கிக் காயம் இரண்டு கேள்விகளையும் ஒரே சமயத்தில் எழுப்பிவிடுகிறது. அதனால் இந்த இரு வகைத் தொடர்களும் சேர்வதற்கு வலிந்து காரணம் தேட வேண்டியதில்லை, ஆம்புலன்ஸ் போகும் வழியிலேயே கதை போய்விடும். ஆனால் சேர்ந்த பிறகும் இரண்டும் அதனதன் குணத்தோடுதான் இருக்கின்றன. போலீஸ்காரர் அறுவை அரங்குக்கு வெளியே காத்திருப்பார், மருத்துவர் துப்புத் துலக்கப் போக மாட்டார். மறுவாரம் இரண்டு தொடரும் தனித்தனி வழியில் போய்விடும்.

இதனால்தான் 'கலப்பு' எனக்கு ஒத்துவரவில்லை. கலப்பு என்றால் பிரிக்க முடியாதபடி ஒன்றாவது. அந்தச் சொல்லுக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது. 1993 முதல் 2001 வரை சிபிஎஸ்ஸில் வந்த 'டயக்னாசிஸ் மர்டர்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். டிக் வான் டைக் அதில் மருத்துவர், அவருடைய மகன் போலீஸ் துப்பறிவாளர், அப்பா மருத்துவமனையில் இருந்துகொண்டே கொலை வழக்குகளைத் தீர்க்கிறார். இது ஒரே தொடருக்குள் இரண்டு வகைகள் கலந்த கலப்பு. இதை 'வகைக்கலப்பு' என்று சொல்லலாம். அயர்ன்சைடில் நடந்ததற்கும் அதே சொல்லைப் போட்டால் இரண்டையும் பிரித்துச் சொல்ல வழியில்லாமல் போகும்.

குறுக்கேற்றம் பாடநூல்களில் மரபியல் சொல்லாக ஏற்கனவே இருக்கிறது, ஆங்கிலத்திலும் ஏறக்குறைய அதே சொல்தான் என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். நல்ல வாதம். ஆனால் மரபியலில் இரண்டு நிறப்புரிகள் (குரோமோசோம்கள்) துண்டுகளை மாற்றிக்கொண்டு, மாற்றியதோடேயே பிரிந்து போகின்றன. தொலைக்காட்சியில் அதற்கு நிகராக எனக்குத் தோன்றுவது ஒன்று. 'ஹோமிசைட்' என்ற குற்றத் தொடரின் துப்பறிவாளர் ஜான் மன்ச், அந்தத் தொடர் 1999-இல் முடிந்ததும், அதே ஆண்டு தொடங்கிய 'லா அண்ட் ஆர்டர்: ஸ்பெஷல் விக்டிம்ஸ் யூனிட்' தொடருக்கே குடிபெயர்ந்து நிரந்தரப் பாத்திரமாகிவிட்டார். ரிச்சர்ட் பெல்சர்தான் இரண்டிலும் நடித்தார். அது அபூர்வம். பெரும்பாலான நேரம் வந்தவர் திரும்பிப் போய்விடுவார்.

'உலகிணைப்பு' பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். இரண்டு தொடர்கள் ஒரு கதையில் சேர்ந்துவிட்டால் இரண்டுக்கும் ஒரே உலகம் என்பது அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் எண்ணம். ரசிகர்கள் அப்படித்தான் யோசிக்கிறார்கள். பாஸ்டன் மருத்துவமனை ஒன்றைப் பற்றிய 'செயின்ட் எல்ஸ்வேர்' 1988-இல் முடிந்தபோது, கடைசிக் காட்சியில் மொத்த மருத்துவமனையும் டாமி வெஸ்ட்ஃபால் என்ற சிறுவனின் கற்பனையாக இருக்கலாம் என்று காட்டி முடித்தார்கள். பத்து ஆண்டு கழித்து, 1998-இல், அந்தத் தொடரின் மருத்துவர் ராக்ஸேன் டர்னராக ஆல்ஃப்ரே வுடார்ட் மறுபடி நடித்தார், ஆனால் இம்முறை ஹோமிசைட் தொடரில். நோயாளியின் மரணம் ஒன்றில் போலீஸ் அவரை விசாரிக்கிறது. இரண்டு தொடர்களிலும் எழுத்தாளராக இருந்த டாம் ஃபாண்டானா வழியாக வந்த தொடர்பு இது. பிறகு ரசிகர்கள் கணக்குப் போட்டார்கள்: டர்னர் அந்தச் சிறுவனின் கற்பனை என்றால் அவரை விசாரித்த ஹோமிசைட்டும் கற்பனை, ஹோமிசைட்டிலிருந்து போன மன்ச்சும் கற்பனை, மன்ச் எட்டிப்பார்த்த தொடர்கள் எல்லாமே கற்பனை. யோசிக்க யோசிக்க விரியும் விளையாட்டு, எனக்கும் பிடித்தது.

ஆனால் தயாரிப்பாளர்கள் அப்படி ஒரு உறுதி தருவதில்லை. தயாரிப்பாளர் ஜாக் வெப்பின் 'எமர்ஜென்சி', தீயணைப்பு நிலையத்தின் அவசர மருத்துவ ஊழியர்களைப் பற்றிய தொடர், 1972 ஜனவரியில் தொடங்கியபோது அதன் முன்னோட்டப் படத்திலேயே 'ஆடம்-12' தொடரின் ரோந்துக் காவலர்கள் மல்லாயும் ரீடும் வந்தார்கள். அப்படியானால் எல்லாரும் ஒரே லாஸ் ஏஞ்சலிஸில் வாழ்கிறார்கள் என்றுதானே பொருள்? ஆனால் பிறகு வந்த ஓர் அத்தியாயத்தில் எமர்ஜென்சியின் தீயணைப்பு நிலையத்தில் உட்கார்ந்து ஆடம்-12-ஐத் தொலைக்காட்சியில் பார்க்கிறார்கள். அழைப்பு வந்து கிளம்ப வேண்டியதாகிவிடுகிறது, முடிவைப் பார்க்க முடியாத ஏக்கம் அந்த ஊழியர்களில் ஒருவரான கேஜை விடுவதில்லை. அங்கே மல்லாயும் ரீடும் வெறும் டிவி பாத்திரங்கள். ஆக, ஒரே உலகமா இல்லையா என்பது கதைக்குக் கதை மாறும். கலைச்சொல் நடந்த நிகழ்வை மட்டும் சொன்னால் போதும், உலகத்தைப் பற்றி அது தீர்ப்புச் சொல்லக் கூடாது.

சரி, மகா சங்கமம். இதுதான் கடினமான போட்டி. நம் சீரியல்களில் இது புழங்கிப் பழகிய சொல். விஜய் டிவியில் 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' குடும்பமும் 'பாக்கியலட்சுமி' குடும்பமும் சேர்ந்து வந்தபோது அப்படித்தான் விளம்பரப்படுத்தினார்கள். வீட்டில் எல்லாருக்கும் புரிந்தது. மக்கள் வாயில் இருக்கும் சொல்லைத் தள்ளிவிட்டு அகராதிச் சொல்லைத் திணிக்கக் கூடாது என்பதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் மகா சங்கமம் என்பது ஒரு குறிப்பிட்ட ஏற்பாட்டின் பெயர்: இரண்டு தொடர்களுக்கும் உரிய நேரத்தைச் சேர்த்து, ஒரே நீண்ட ஒளிபரப்பாகத் தருவது. அந்த ஏற்பாட்டுக்கு அந்தப் பெயரே இருக்கட்டும். செப்டம்பரில் ஒரு நாள் பாதி, வேறொரு நாள் வேறொரு தொடரில் மீதி என்று வந்த அயர்ன்சைட் கதையை மகா சங்கமம் என்று எழுதினால் படிப்பவருக்குத் தவறான படம் கிடைக்கும். இன்னொன்று, சங்கமித்த ஆறுகள் மறுபடி பிரிவதில்லை. கூடல் எனக்குப் பிடித்த சொல், ஆனால் அதற்கும் இதே தடை உண்டு, ஊடலோடு சேர்த்தே அது நினைவுக்கு வரும் என்பது வேறு.

சந்திப்பை நான் எடுத்தது ரயில் நிலையப் பலகையிலிருந்து. விழுப்புரம் சந்திப்பு, விருத்தாசலம் சந்திப்பு என்று நாம் படித்துக்கொண்டே வளர்ந்த சொல். தடங்கள் அங்கே சேர்கின்றன, பயணி வண்டி மாறுகிறார், தடங்கள் அதனதன் ஊருக்குப் போகின்றன. 1972-இல் அயர்ன்சைட் பார்வையாளர் செய்ததும் வண்டி மாறியதுதான். இந்தச் சொல்லுக்கு வினையும் இயல்பாகவே அமைகிறது. '2002 ஏப்ரலில் ஈஆரும் தேர்ட் வாட்ச்சும் சந்தித்தன' என்று எழுதினால் அடிக்குறிப்பு தேவையில்லை. (ஈஆர் மருத்துவர் சூசன் லூயிஸ் தன் சகோதரியைத் தேடி சிகாகோவிலிருந்து நியூயார்க் போக, கதை அந்த நகரத்தின் போலீஸ், ஆம்புலன்ஸ் ஊழியர்களைப் பற்றிய தேர்ட் வாட்ச்சுக்குள் தொடர்ந்தது.) கலப்பு, குறுக்கேற்றம் இரண்டையும் அதே வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள், வினை முரண்டு பிடிக்கும்.

'செய்தியாளர் சந்திப்பு' இருக்கிறதே, குழப்பாதா என்று கேட்கலாம். அடைமொழி வேறு என்பதால் குழப்பாது என்று நினைக்கிறேன். அதற்காகத்தான் கதைச்சந்திப்பு.

ஓர் எல்லையும் போட வேண்டும். கதையே ஒரு தொடரில் தொடங்கி மற்றதில் தொடர்ந்தால் கதைச்சந்திப்பு. பாத்திரம் மட்டும் வந்துபோனால் அதை 'வருகைப் பாத்திரம்' என்று தனியாகச் சொல்லலாம். டர்னர் அப்படித்தான், அவருடைய பழைய தொடர் பத்து ஆண்டுக்கு முன்பே முடிந்துவிட்டதால் சந்திக்க அங்கே இன்னொரு தொடரே இல்லை. ஒரு தொடரிலிருந்து கிளைத்துத் தனியாக வளர்வதற்கு 'கிளைத்தொடர்' போதும். கிளைக்கதை என்ற சொல் நமக்குப் பழக்கம்தான்.

இந்தப் பிரிப்பு விக்கிப்பீடியாவில் எழுதுபவர்களுக்கும் துணைத்தலைப்பு போடுபவர்களுக்கும் உடனே தேவைப்படும். மறுஒளிபரப்புக்குத் தொடர்கள் தனித்தனியாக விற்கப்படுகின்றன. 1996, 1997, 1999 ஆகிய ஆண்டுகளில் லா அண்ட் ஆர்டரும் (மன்ச் பின்னால் குடிபெயர்ந்த தொடரின் மூலத் தொடர்) ஹோமிசைட்டும் சந்தித்தபோது புதன்கிழமை தொடங்கிய கதை வெள்ளிக்கிழமை மற்றதில் முடிந்தது. ஒன்றை மட்டும் வாங்கிய சேனலில் அல்லது தளத்தில் பார்ப்பவருக்குக் கதை பாதியில் நின்றுவிடும். அத்தியாயப் பட்டியலில் 'கதைச்சந்திப்பு: மீதி ஹோமிசைட்டில்' என்று ஒரு வரி இருந்தால் அவர் எங்கே போய்த் தேட வேண்டும் என்று தெரியும்.

எனக்குத் தீராத இடம் ஒன்று மேனிக்ஸ். 1967 முதல் 1975 வரை வந்த அந்தத் துப்பறியும் தொடரின் நாயகன், 1997-இல் டயக்னாசிஸ் மர்டரில் தோன்றி, 1973-இல் தன் தொடரில் வந்த ஒரு வழக்கை மறுபடி கையிலெடுக்கிறார். மைக் கானர்ஸே நடித்தார், பழைய காட்சிகளும் இடையிடையே வந்தன. மேனிக்ஸ் தொடர் முடிந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது, ஆனால் தொடர்வது அதே கதை. என் வரையறைப்படி பாத்திரத்தைப் பார்த்தால் வருகை, கதையைப் பார்த்தால் சந்திப்பு. நான் சந்திப்பின் பக்கம் சாய்கிறேன், கதை இரண்டு தொடர்களிலும் ஓடுகிறது என்பதால். உங்கள் கருத்தை எழுதுங்கள். வரையறையில் 'இரண்டு தொடர்களும் நடப்பில் இருக்க வேண்டும்' என்ற நிபந்தனையைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது அதைப் பொறுத்தது.

அன்புடன்.