'அந்தக் காலத்தில் யாரும் சம்மதம் கேட்டதில்லை' என்பது சரியா?

முல்லை:
வகுப்பில் ஹென்ரியெட்டா லாக்ஸ் பற்றிப் பேச்சு வந்தது. 1951இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயோடு வந்தவர். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்த திசுவிலிருந்து வளர்ந்தவைதான், ஆய்வகங்களில் இன்றும் பெருகிக்கொண்டே இருக்கும் ஹீலா செல்கள். இது தப்பில்லையா என்றால், 'அப்போது கேட்கிற வழக்கமே கிடையாது' என்று ஆசிரியர் முடித்துவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. நிஜமாகவே யாருக்கும் தோன்றவில்லையா?

கதிரவன்:
அரை நூற்றாண்டு முன்பே தோன்றியிருக்கிறது. ஜெர்மனியில் ஆல்பர்ட் நைசர் என்ற பேராசிரியர், சிபிலிஸ் என்ற பால்வினை நோய் வந்தவர்களின் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை) பாலியல் தொழிலாளிகளுக்கு அவர்களுக்கே தெரியாமல் ஊசியில் ஏற்றினார். விஷயம் வெடித்து அவருக்கு அபராதம் விழுந்தது. 1900இல் ஜெர்மனியின் பிரஷ்ய மாநில அரசு, விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்காமல் சோதனை கூடாது என்று உத்தரவே போட்டது. அதே ஆண்டு கியூபாவில் மஞ்சள் காய்ச்சலை ஆராய்ந்த வால்டர் ரீட், ஸ்பெயினிலிருந்து வந்தவர்களிடம் அவர்கள் மொழியிலேயே ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கினார். சோதனைக்கு உடன்பட்டால் 100 டாலர் தங்கம், நோய் வந்தால் இன்னொரு 100. (இந்தத் தீவில் இருந்தால் காய்ச்சல் எப்படியும் வரத்தான் போகிறது என்று அதில் ஆபத்தைக் குறைத்துக் காட்டியதும் உண்டு.)

தேன்மொழி:
ஆசிரியர் சொன்னதில் பாதி சரி முல்லை, சிகிச்சையில் எடுத்த திசுவை ஆய்வகத்துக்கு அனுப்ப அன்று பெரும்பாலும் யாரும் அனுமதி கேட்டதில்லை. ஆனால் அமெரிக்காவில் நடந்த டஸ்கீகி ஆய்வை எந்த வழக்கத்தில் சேர்ப்பது? அலபாமாவில் சிபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்களை 1932 முதல் 1972 வரை வெறுமனே கவனித்துக்கொண்டே இருந்தார்கள், நடுவில் அந்த நோயைக் குணப்படுத்தும் பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்க 'சிறப்பு இலவச சிகிச்சை' என்று கடிதம் போட்டு வரவழைத்தார்கள். கேட்க வேண்டும் என்று தெரியாதவர் எதற்காகப் பொய் சொல்லப் போகிறார்?

செவ்வந்தி:
இப்போதும் முழுசாக மாறிவிடவில்லை. என் அப்பாவை ஓர் ஆய்வில் சேர்க்க, அறுவை சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோகும் நேரத்தில் பன்னிரண்டு பக்கப் படிவத்தை நீட்டினார்கள். கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி. அப்பா கண்ணாடிகூடப் போட்டிருக்கவில்லை.

முல்லை:
நன்றி. தேடியதில் இதுவும் கிடைத்தது: 1973 வாக்கில் லாக்ஸ் குடும்பத்தாரிடம் ரத்தம் எடுக்க வந்திருக்கிறார்கள். ஆய்வகங்களில் மற்ற செல்களோடு கலந்துபோன ஹீலா செல்களை அடையாளம் பிரிக்கத்தான் அது. அவர்களோ, அம்மாவுக்கு வந்த நோய் தங்களுக்கும் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என நினைத்துக் கையை நீட்டியிருக்கிறார்கள். நாளைக்கு இதைத்தான் ஆசிரியரிடம் கேட்கப் போகிறேன்.