'ஃபேர்' என்ற சொல்லுக்கு எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தேவை

வணக்கம் நண்பர்களே. எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அடுத்த வாரம் 'ஃபேர்' என்ற பெயரடையை எடுக்கப்போகிறேன். ஆங்கில ஆசிரியர்கள் யாராவது உதவ முடியுமா?

பாதிப் பொருள் பிள்ளைகளுக்கே தெரியும். ரஃப் நோட்டில் போட்ட கணக்கை ஃபேர் நோட்டில் எழுதுகிறார்கள். ரேஷன் கடைக்கு ஃபேர் பிரைஸ் ஷாப் என்று பெயர், அங்கே அது நியாயம். வானிலைக்குச் சொன்னால் மழையில்லாத தெளிந்த நாள். இதெல்லாம் சரி.

அளவு என்று வரும்போதுதான் குழப்பம். 'எ ஃபேர் அமவுன்ட்' என்றால் கணிசமான அளவு. ஆனால் ரிப்போர்ட் கார்டில் ஃபேர் என்று போட்டால் 'குட்'டுக்கும் கீழே, சுமார்தான். இரண்டையும் பிரித்துக் காட்ட நல்ல வாக்கியங்கள் வேண்டும்.

அதைவிட முக்கியமானது நிறம். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு அழகு என்பதுதான் பொருள். வெளுத்த நிறம் என்பது பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. 2020-ல் இந்தியாவில் ஒரு பிரபலமான முகக் கிரீம் தன் பெயரிலிருந்தே இந்தச் சொல்லை நீக்கியது. கறுப்பாக இருக்கும் பிள்ளைகள் ஒருவர்கூட மனம் சுருங்காமல் இந்தப் பொருளை எப்படிச் சொல்வது? விட்டுவிட எனக்கு விருப்பமில்லை, கதைகளில் எப்படியும் படிப்பார்கள். வகுப்பில் இதை நடத்திய அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

புக் ஃபேர் வேறு வேரிலிருந்து வந்த பெயர்ச்சொல், அதை இப்போது தொடவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் பதில் கிடைத்தால் பாடத்தில் சேர்த்துக்கொள்வேன்.