கண்மாய்க் கரைக்கு என்ன மரம்?

ஊர்ச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

கண்மாய்க் கரையில் சீக்கிரம் வளரும் மரமாகப் பார்த்து வைக்கலாம் என்று துபாயிலிருந்து தம்பி எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து, போன மாதம் நான் பார்த்த பைன் மரங்களே நினைவில் நிற்கின்றன.

இங்கே தென்னாப்பிரிக்காவில் ஹோவிக் என்ற ஊரைத் தாண்டிப் போனால் புல்மேடுகளில் இரண்டு வரிசைப் பைன் மரங்கள் நெடிது நிற்கும். நடுவே வீடு இருக்காது. பண்ணை வீடு இடிந்து அஸ்திவாரக் கல் மட்டும் கிடக்கும். காற்றுத் தடுப்புக்கும் நிழலுக்கும் பலகைக்கும் வெள்ளைக்காரக் குடியானவர்கள் நட்டவை. மரமில்லாத வெளியில் குடியேறியவர்களின் ஆசை அது; எனக்கு அது புரிகிறது.

என்னை அழைத்துப்போனவர் இங்கேயே பிறந்த தமிழ்த் தாத்தா. அவருடைய பாட்டனார் மதராஸில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். மரத்தடியில் ஒரு சாண் கனத்துக்குப் பழுப்பு ஊசியிலை. புல் ஒன்றுகூட முளைக்கவில்லை. தாத்தா கைத்தடியால் அதை விலக்கினார். அடியில் கல் பாவிய வாய்க்கால், சொட்டு ஈரம் இல்லை. "சின்ன வயதில் இதில் கால் நனைத்துத்தான் தாண்டுவோம்" என்றார்.

பைன் வடகோளத்து மரம். சுமத்ராவில் ஒரே ஓர் இனம்தான் பூமத்திய ரேகையைத் தாண்டித் தானாக வளர்கிறது. தென்னாப்பிரிக்காவில் இருப்பதெல்லாம் கொண்டுவந்தவை. மெக்சிகோவின் பட்டூலா பைன் 1907இல் வந்தது. இங்கத்துப் புல் குளிர்காலத்தில் காய்ந்து நீர் குடிப்பதை நிறுத்திவிடும். பைனோ ஆண்டு முழுவதும் பச்சையாக நின்று, ஆழ வேர்விட்டு உறிஞ்சும். மோக்கோபுலான் என்ற இடத்தில் புல்வெளியில் பட்டூலாவை நட்டு ஓடையை அளந்து பார்த்தார்கள். 12ஆம் ஆண்டில் ஓடை அடியோடு வற்றியது. பக்கத்தில் யூகலிப்டஸ் நட்ட ஓடை 9ஆம் ஆண்டிலேயே வற்றியது. 16ஆம் ஆண்டில் அந்த யூகலிப்டஸ் மரங்களை வெட்டியும், தண்ணீர் திரும்ப மேலும் 5 ஆண்டு பிடித்தது! 1995இலிருந்து அரசே கூலி கொடுத்து, நீரைக் குடிக்கும் அயல் மரங்களை வெட்டிவருகிறது.

சீமைக் கருவேலத்தோடு நாம் படுகிற பாடு போதாதா? கரைக்கு மருதும் நாவலும் புங்கையும் வைப்போம். மெல்லத்தான் வளரும், வளரட்டும். கன்றுக்கான என் பங்கை இந்த மாதமே அனுப்புகிறேன். வடக்கு மடையருகே நின்ற பழைய மருத மரத்தின் விதை யார் வீட்டிலாவது இருந்தால் உடனே எழுதுங்கள்.