பதில்: கேபிட்டல் லெட்டருக்குத் தமிழ்ச்சொல்

வணக்கம்.

ஆங்கிலத்தின் கேபிட்டல் லெட்டரை நம் கலைச்சொல் பட்டியலில் தமிழில் எப்படிச் சொல்வது என்று பேசும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன். சனிக்கிழமை குவாலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் நான் எடுக்கும் நிரலாக்க வகுப்பில் நடந்ததைப் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றில் படிக்கும் பையன். பைத்தான் நிரல்மொழியைத் தொட்டு ஆறு வாரம்தான் ஆகிறது. ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் எழுத்துக்கு எழுத்து காசு சுண்டி, தலை விழுந்தால் பெரிய எழுத்து, பூ விழுந்தால் சின்ன எழுத்து என்று கண்டபடி மாற்றித் தரும் நிரல் எழுதியிருந்தான். கூட்டாளிகளை வாட்ஸ்அப்பில் கிண்டலடிக்கவாம். சோதனைக்கு மலாயில் 'நாசி லெமாக்' என்று தட்டினான். முதலில் இருக்கும் ஆங்கில எழுத்து 'என்' மட்டும் பெரிசு, மீதியெல்லாம் பொடிசு. பத்துத் தடவை ஓட்டினான். பத்துத் தடவையும் அதேதான்.

"சார், காசு ஒழுங்கா விழல" என்றான். பழி, நிரலில் காசு சுண்டும் வேலையைப் பார்க்கும் ரேண்டம் மேல். தலை விழும் வாய்ப்பை 0.5லிருந்து 0.9க்கு ஏற்றியும் பார்த்துவிட்டான். காசு விழ விழ என்ன விழுந்தது என்று திரையில் காட்டச் சொன்னேன். தலை, தலை, பூ, தலை... காசில் ஒரு கோளாறும் இல்லை. அப்புறம்தான் அந்த வரி கண்ணில் பட்டது. எழுத்தை விடையின் வாலில் ஒட்டிவிட்டு, தலை விழுந்திருந்தால் அதுவரை சேர்ந்த மொத்த விடையையும் கேபிட்டலைஸ் செய்கிறான்.

பைத்தானில் கேபிட்டலைஸ் இரண்டு வேலை பார்க்கும். சரத்தின், அதாவது கொடுத்த எழுத்துக் கோவையின், முதல் எழுத்தைப் பெரிதாக்கும். கூடவே, கேட்காமலே, மற்ற எல்லாவற்றையும் சிறிதாக்கும். எத்தனை தலை விழுந்தாலும் 'என்' மட்டும் நிமிர்ந்து நிற்பது அதனால்தான். இடைவெளியோடு சேர்த்துப் பத்துக் குறிகள். காசு நேர்மையாக இருந்து பத்திலும் பூ விழுந்தால்தான் அந்த 'என்'னும் சின்னதாக வரும். அது 1024ல் ஒரு தடவை. அவனுக்கு வேண்டியது, கொடுத்த எழுத்தையெல்லாம் பெரிதாக்கும் அப்பர் என்ற கட்டளை. அதையும் ஒட்டுவதற்கு முன்னால் அந்த ஓர் எழுத்தில் மட்டும் செய்திருக்க வேண்டும்.

"ஏன்டா கேபிட்டலைஸ் போட்டே?"

"டீச்சர் கேபிட்டல் லெட்டர்னுதானே சார் சொல்லிக் கொடுத்தாங்க."

அவன் மேல் என்ன தப்பு? எழுத்தின் வடிவத்துக்கும், அதை வாக்கியத்தின் தலைமாட்டில் வைக்கும் வழக்கத்துக்கும் ஆங்கிலம் ஒரே சொல்லைப் புழங்குகிறது. நாம் பெயர் வைக்கும்போது அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டாம் என்பதுதான் என் வாதம். எனக்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்.

> பெரிய எழுத்து என்றே விட்டுவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறு எதுவோ புரியும். இங்கே தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு 'ஹூருப் பெசார்' (மலாயில் பெரிய எழுத்து) முன்பே பழக்கம் என்பதால் பெரிய எழுத்து சுலபமாக வாயில் வரும், மறுக்கவில்லை. ஆனால் 'பெரிய ற', 'சின்ன ர' என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவருவதை என்ன செய்வது? அந்தக் காலத்துப் பெரிய எழுத்துக் கதைப் புத்தகம் என்றால் அச்சின் பருமன். இன்னொரு வேடிக்கை: ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவைக்கும் முரசு அஞ்சல் விசைமுறையில் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு 'ஆர்' தட்டினால் வருவது பெரிய ற! நம் பையனின் நிரலைத் திருத்தி, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அதற்குள் விட்டு, வருவதை அஞ்சலில் அப்படியே தட்டினால் மரம் மறமாகலாம், மனம் மணமாகலாம், கலை களையாகலாம். அங்கே பெரிது சிறிது என்பது அழகு சார்ந்தது இல்லை, பொருளே மாறிப்போகிறது.

> மூலத்துக்கு நெருக்கமாக மேல்தட்டெழுத்து, கீழ்த்தட்டெழுத்து?

மூலம் சரிதான். ஆங்கில அச்சுக்கூடங்களில் அந்த எழுத்துகள் மேல் தட்டில் இருந்தன, மற்றவை கீழ்த் தட்டில். பினாங்கில் அச்சுக்கோத்த என் பெரியப்பாவும் அந்தத் தட்டைக் 'கேஸ்' என்றே சொல்லுவார். ஆனால் மேல்தட்டு என்றதும் பங்களாவும் காரும்தான் நினைவுக்கு வருகின்றன. எழுத்துக்குள்ளும் வர்க்கம் வேண்டுமா? 'மேலெழுத்து' என்று சுருக்கினாலோ, அடுக்குக்குறி போல மேலே சின்னதாக ஏறி நிற்பதைச் சொல்கிறோம் என்று நினைப்பார்கள்.

'தலையெழுத்து' என்று எழுதிய அண்ணன் விளையாட்டுக்குத்தான் எழுதினார் என்று நம்புகிறேன். நிரலில் வழு நீக்குகிறவனுக்குப் பொருத்தமான சொல்தான்.

என் பரிந்துரை: அப்பருக்குப் பேரெழுத்து, லோயருக்குச் சிற்றெழுத்து, கேபிட்டலைஸுக்கு முகப்பெழுத்து. முதல் இரண்டும் வடிவத்தின் பெயர், மூன்றாவது இடத்தின் பெயர். 'பேரெழுத்தாக்கு' என்றால் கொடுத்த எல்லாம் மாறும். 'முகப்பெழுத்தாக்கு' என்றால் முகப்பில் நிற்பது மட்டும் பெரிதாகும், மற்றவை சிறிதாகும். அந்தப் பையனிடம் இரண்டையும் சொல்லி, உனக்கு எது வேண்டும் என்று கேட்டேன். யோசிக்காமல் முதலாவதைக் காட்டினான்.

> பேரெழுத்து, பேச்சில் 'பேர் எழுத்து' என்றல்லவா காதில் விழும்?

விழட்டுமே அக்கா. ஆங்கிலத்தில் ஆள்பேரும் ஊர்ப்பேரும் அந்த எழுத்தில்தானே தொடங்குகின்றன. தப்பாகக் காதில் விழுந்தாலும் பாதி சரியாகவே விழும்.

முகப்பு ஏற்கெனவே இணையதளத்தின் முதல் பக்கத்துக்குப் போய்விட்டது என்பது ஞாயமான ஆட்சேபம். இரண்டும் ஒரே வரியில் மோதிக்கொள்ளும் இடம் எனக்கு இதுவரை தட்டுப்படவில்லை. யாருக்காவது தட்டுப்பட்டால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம்.

நிரல் சரியானதும் பையன் முதல் வேலையாகக் 'குவாலாலம்பூர்' என்று தமிழில் தட்டினான். போட்டது போட்டபடியே திரும்பி வந்தது. "மறுபடி கெட்டுப் போச்சு சார்" என்று முகம் வாடிவிட்டான். தமிழில் இந்தப் பேதமே இல்லை, ஆகவே நிரல் தொடாமல் விட்டிருக்கிறது, இது வழு இல்லை, வழாநிலை என்றேன். உதவிக் குறிப்பில் இதையும் ஒரு வரி எழுதிவைக்க வேண்டும்.

ரேண்டமுக்குச் 'சமவாய்ப்பு' என்று தமிழ்நாட்டுப் பாடநூல் சொல்கிறது, இலங்கையில் 'எழுமாறு' என்கிறார்கள். 0.9 வைத்த பிறகு அதில் சமம் எங்கே இருக்கிறது? என் ஓட்டு எழுமாறுக்கு. ஆனால் அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம், இங்கே கலந்தால் இரண்டும் முடியாது. பட்டியலைப் பராமரிக்கும் சிங்கப்பூர் அண்ணன், மறுப்பு வராவிட்டால் வெள்ளிக்கிழமை இந்த மூன்று சொற்களையும் ஏற்றிவிடுங்கள். 'பெரிய எழுத்து' என்று தேடினாலும் பேரெழுத்துக்குக் கொண்டுபோய் விடும்படி வைத்தால் நல்லது.