சோக்-ஸ்டெயின்: கறையா, ஊறலா, பொசிவா?

வணக்கம் நண்பர்களே,

அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃபிராங்கெந்தாலர் பற்றிய கட்டுரைக்காக, நீர்த்த வண்ணத்தைத் துணிக்குள் இறங்கவிட்டு வரையும் ‘சோக்-ஸ்டெயின்’ (soak-stain) முறைக்குத் தமிழ்ச் சொல் கேட்கப்பட்டிருக்கிறது. கறையோவியம், ஊறல் ஓவியம், சாயத்தோய்வு என்று மூன்று வந்துள்ளன. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. அகராதியைப் புரட்டும் முன் அந்த அம்மையார் செய்த வேலையைப் பார்த்துவிடுவோம்.

1952 அக்டோபர் 26, நியூயார்க். நோவா ஸ்கோஷியாவின் கடலோரத்தைப் பார்த்துத் திரும்பிய 23 வயதுப் பெண், ஏறத்தாழ 7 அடிக்கு 10 அடி கித்தானைத் தரையில் விரிக்கிறார். அடிப்பூச்சு காணாத கோடித் துணி. கரியால் சில கோடுகள். பிறகு டர்ப்பன்டைன் விட்டு நீர்க்க இளக்கிய எண்ணெய் வண்ணத்தை அதன்மேல் ஊற்றுகிறார். அடிப்பூச்சு இருந்தால் வண்ணம் மேலேயே தங்கிக் காயும். இங்கே தடுக்க எதுவும் இல்லை. வண்ணம் நூலுக்குள் இறங்கி, இழைவழியே பக்கவாட்டில் ஓடி, தனக்குத் தோன்றிய இடத்தில் நிற்கிறது. அது நின்ற பிறகும் எண்ணெய் மட்டும் இன்னும் கொஞ்சம் நகர்ந்து, விளிம்பைச் சுற்றி மங்கலாக ஒரு வளையம் விடுகிறது. ‘மலைகளும் கடலும்’ இப்படித்தான் பிறந்தது.

கறை என்பதை முன்மொழிந்த ஐயா, கறைமிடற்றன் என்று இறைவனையே பாடிய மொழி இது என்றார். அழகான வாதம். ஆனால் இன்றைய வாசகருக்குக் கறை என்றால் சலவைத்தூள்தான் நினைவுக்கு வரும். அந்த ஓவியத்தை முதலில் பார்த்த பலருக்கு அது வண்ணம் துடைத்த பெரிய கந்தல்போலத் தெரிந்தது என்று ஃபிராங்கெந்தாலரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த ஏளனத்தை நாமே பெயராகச் சூட்ட வேண்டுமா?

சாயத்தோய்வும் ஒட்டாது. தோய்ப்பது என்றால் துணியைச் சாயத்தில் முக்கி எடுப்பது. இவர் வண்ணத்தைத் துணியிடம் கொண்டுபோனார். தவிரவும், சாயம் இழையோடு வேதியியல் முறையில் பிணைவது. ஓவிய வண்ணத்தின் நிறமித் துகளோ இழைகளுக்கிடையே சிக்கி நிற்பது. ஊறல் பரவாயில்லை, ஆனால் ஊறுவது ஒரே இடத்தில் கிடந்து நடப்பது. நகர்வு அதில் இல்லை. (சிலருக்கு வேறு ‘ஊறல்’ நினைவுக்கு வரும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.)

என் பரிந்துரை: பொசிவு. நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பொசிகிறதே, அந்தப் பொசிவுதான். இறங்குவதும் பரவுவதும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. முறைக்குப் பொசிவுமுறை, படைப்புக்குப் பொசிவோவியம். இது தன்வினை என்பது குறையாகாது. அவர் ஊற்றினார், மீதியைத் துணி பார்த்துக்கொண்டது. வினையாக எழுத நேர்ந்தால் ‘வண்ணத்தைப் பொசியவிட்டார்’ என்று எழுதுங்கள். ‘பொசித்தார்’ வேண்டாம், சாப்பிட்டார் என்று பொருளாகிவிடும்!

எண்ணெய் என்ற சொல்லைப் பெயரில் சேர்க்கச் சொன்ன நண்பருக்கு: 1960களில் ஃபிராங்கெந்தாலர் அக்ரிலிக் வண்ணத்துக்கு மாறினார். அதில் எண்ணெய் வளையமும் இல்லை, எண்ணெய் துணியை அரிக்கும் தொல்லையும் இல்லை. முறை மட்டும் அதேதான்.

இன்னொரு கேள்வி நியாயமானது: 1951இல் இன்னொரு அமெரிக்க ஓவியரான ஜாக்சன் பொல்லாக்கும் அடிப்பூச்சில்லாத துணியில் கறுப்பு எனாமலை ஊற்றினாரே, இதில் ஃபிராங்கெந்தாலருக்கு என்ன தனிப்பெருமை? தரையில் விரித்து ஊற்றும் துணிச்சல் பொல்லாக்கிடமிருந்து வந்தது, ஃபிராங்கெந்தாலரே அதை மறைத்ததில்லை. ஆனால் பொல்லாக்கிடம் கோடுதான் ஆட்சி செய்தது. இவர் வண்ணத்தைப் பரப்பாகவே பேசவிட்டார். 1953இல் விமர்சகர் கிளமென்ட் கிரீன்பெர்க், ஓவியர்கள் மோரிஸ் லூயிஸையும் கென்னத் நோலண்டையும் ஃபிராங்கெந்தாலரின் ஓவியக்கூடத்துக்கு அழைத்துவந்தார். வாஷிங்டன் திரும்பிய இருவரும் தங்கள் பாணியையே மாற்றிக்கொண்டார்கள். பொல்லாக்குக்கும் இனிச் செய்ய முடிந்ததற்கும் இடையில் இவர் ஒரு பாலம் என்று லூயிஸ் சொன்னார். பாராட்டுத்தான், ஆனாலும் பாலம் என்பது மற்றவர்கள் நடந்து போவதற்கானது. 2011இல் மறையும்வரை விடாமல் புதிதாக முயன்ற ஒருவருக்கு அது போதாது. 2000இல் செய்த ‘மேடம் பட்டர்ஃபிளை’ மரச்செதுக்கு அச்சில் 46 கட்டைகள், 102 வண்ணங்கள். மரத்திலும் அந்த நீர்த்த வண்ணத்தின் சாயலை விடாப்பிடியாகக் கொண்டுவந்தார்.

மறுப்பில்லையென்றால் பொசிவுமுறை என்றே கட்டுரையில் போட்டுவிடலாம். வண்ணத்தைச் சுற்றி நிற்கும் எண்ணெய் வளையத்துக்குத்தான் இன்னும் நல்ல சொல் கிடைக்கவில்லை. ஒளிவட்டம் என்று எழுதினால் சாமிப்படமாகிவிடுகிறது. ‘எண்ணெய்ப்படர்’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். மேலானது தோன்றினால் எழுதுங்கள்.