ஹேசாப் கூட்டத்தில் மனத்தை விட்டு நீங்காத ஒரு தருணம்: கூலிம் வட்டார ஆலைக்காரர்கள் எழுதுங்கள்

பால்ஸ்டோர் மகன், கூலிம்

மலேசியாவின் கெடா மாநிலத்துக் கூலிமுக்கு வெளியே ஒரு ரப்பர் பால் ஆலை. பெயர் வேண்டாம். பால் உறையாமலிருக்க அம்மோனியா செலுத்தும் வழியை மாற்றியமைப்பதற்காக ஹேசாப் (வடிவமைப்பில் ஒளிந்திருக்கும் ஆபத்துகளைக் குழுவாக உட்கார்ந்து அலசும் ஆய்வு) வைத்தார்கள். குறிப்பெழுதும் வேலை எனக்கு. முறை உங்களுக்கெல்லாம் தெரியும். குழாய் வரைபடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஓட்டம் இல்லை, அதிகம், குறைவு, எதிர்த்திசை, கூடவே வேறொன்று என்று ஒவ்வொரு துண்டையும் கேள்வி கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மோனியா தொட்டியிலிருந்து பால் தொட்டிக்குப் போகும் குழாய் வந்தது. "எதிர்த்திசை ஓட்டம்" என்றார் தலைவர். கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த வடிவமைப்புப் பொறியாளர் தலையை நிமிர்த்தாமலேயே, "திரும்பி ஓடாமல் தடுக்க நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கிறது. அடுத்தது" என்றார்.

மேசைக் கோடியில் பால் ஸ்டோரிலேயே தலை நரைத்த அண்ணன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து வாய் திறக்கவில்லை. எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் சாக்குத் துண்டில் சுற்றிய ஒரு பொருள். வரைபடத்தின் மேலேயே வைத்துப் பிரித்தார். பழைய வழியிலிருந்து கழற்றிப் போட்ட நான்-ரிட்டர்ன் வால்வு. மடலைச் சுற்றிலும் பால் உறைந்து, தேன் நிறத்தில் கெட்டிப்பட்டு, மடல் பாதித் திறப்பிலேயே நின்றுபோயிருந்தது. கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். அசையவில்லை. "இதுவும் நீங்கள் சொல்கிற அதே வால்வுதான் ஐயா. இதை மூடச் சொல்லுங்கள்" என்றார்.

அறையில் யாரும் பேசவில்லை. அம்மோனியா மட்டும் போக வேண்டிய குழாயில் பால் எப்படி வந்தது? எதிர்த்திசையில் ஓடினால்தானே வரும்! அம்மோனியா தண்ணீரில் அவ்வளவு வேகமாகக் கரையும். அம்மோனியா தொட்டி காலியாகிற நேரத்தில் அழுத்தம் விழுந்துவிட்டால் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகிப் பாலை மேலே உறிஞ்சும். ரப்பர் பாலில் பாதிக்கு மேல் தண்ணீர். அது அம்மோனியா தொட்டிக்குள்ளேயே போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் பிறகு நெடுநேரம் பேசினோம். தொட்டி முழுவதும் காலியாகும் முன்பே வழியை அடைக்கும் ஏற்பாடும், வெற்றிடத்தை முறிக்கும் ஏற்பாடும் பரிந்துரையாக ஏறின. வால்வைக் கழற்றிச் சோதிக்கும் கால அட்டவணையும் ஏறியது.

என்னை உறுத்துவது வேறு. அறிக்கையின் முன்பக்கத்தில் குழு உறுப்பினர் பட்டியல் இருக்கிறது. அதில் அவர் பெயர் இல்லை. கேட்டேன். "அவர் பார்வையாளர்" என்றார்கள்.

பாடாங் செராய் ஃபிட்டர்

செம்பனை ஆலை. கழிவுநீர்க் குளத்துக்கு உறை போட்டு வாயு பிடிக்கிறோம். அதில் பாதிக்கு மேல் மீத்தேன், கூடவே விஷவாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு. விரிவாக்கத்துக்கு ஹேசாப் வந்தது. தலைவர் நல்லவர். அறைக்குள் உட்காரும் முன் வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஆலையைச் சுற்றி நடந்தே தீர வேண்டும் என்றார்.

படத்தில் வாயு ஒரே வழியாகத்தான் போகிறது. உறையிலிருந்து சல்ஃபைடைக் கழுவி எடுக்கும் கோபுரம், அங்கிருந்து பாய்லர். நேரில் போனால் கோபுரத்தைத் தாண்டிக்கொண்டு இன்னொரு குழாய்! எல்லாக் குழாய்க்கும் அடித்த அதே மஞ்சள் பெயிண்ட். ஆனால் அதன் வால்வுச் சக்கரத்தில் மட்டும் பெயிண்ட் தேய்ந்து இரும்பு பளபளத்தது. தினமும் யாரோ திருப்புகிறார்கள். யார் போட்ட குழாய், எப்போது போட்டது, ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தப் பளபளப்பு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

1974 ஜூன் 1 அன்று இங்கிலாந்தின் ஃப்ளிக்ஸ்பரோ ரசாயன ஆலையில் 28 பேர் செத்ததும் இப்படி ஒரு குழாயால்தான். விரிசல் கண்ட ஐந்தாம் கலனை எடுத்துவிட்டு, நான்கையும் ஆறையும் இணைக்க 20 அங்குல மாற்றுக் குழாய் போட்டார்கள். அதற்கு முறையான வரைபடமே கிடையாது. பட்டறைத் தரையில் சாக்கட்டியால் கிறுக்கியதுதான். படத்தில் இல்லாத குழாயை ஹேசாப் எப்படிக் கேள்வி கேட்கும்?

பச்சைத் தொப்பி

பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். முதல் பதிவோடு எனக்கு உடன்பாடில்லை. வால்வில் பால் உறைந்தது பராமரிப்புக் குறை. அதைக் கண்டுபிடிக்க ஹேசாப் எதற்கு? 2008 வழிகாட்டியின்படி ஒழுங்காக ஹிராக் (ஆபத்தை அடையாளம் கண்டு, இடரை மதிப்பிட்டு, கட்டுப்படுத்தும் முறை) செய்து, நேர்வாய்ப்பையும் கடுமையையும் பெருக்கி மதிப்பெண் போட்டாலே இது மேலே வந்திருக்கும். எங்கள் பக்கத்துச் சின்ன ஆலை முதலாளி ஒரு ஹேசாப் கூட்டத்துக்குக் கொடுக்கும் பணத்தில் வாயு உணர்கருவிகள் வாங்கிவிடலாம்.

நான் பார்த்த ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். காலையில் எல்லாரும் சுறுசுறுப்பாக வாதாடினார்கள். நாலு மணிக்கு மேல் எந்தக் கேள்விக்கும் "ஆப்பரேட்டர் கவனிப்பார்" என்பதே பதில். வரிசையாக ஒரு பக்கம் முழுக்க அதே வாக்கியம். அந்தப் பக்கத்தில் எல்லாரும் கையெழுத்தும் போட்டார்கள். அந்த ஆப்பரேட்டர் இரவு ஷிஃப்டில் தனியாள் என்பது எனக்குத் தெரியும். சொன்னேன். "குறிப்பெழுதுங்கள்" என்றார்கள், யாரும் எழுதவில்லை. இதற்குப் பெயர் முறையான ஆய்வா?

லூனாஸ் பொறியாளர்

பச்சைத் தொப்பி அண்ணா, நீங்கள் பார்த்தது கெட்ட கூட்டம். அதை வைத்து முறையைத் தள்ளாதீர்கள். ஹிராக் ஆள் செய்யும் வேலையைப் பார்க்கிறது, ஹேசாப் குழாய்க்குள் ஓடுவதைப் பார்க்கிறது. அம்மோனியா பாட்டில் மாற்றுவது ஆபத்து என்று ஹிராக் படிவம் சொல்லும், முகமூடி போடு என்றும் சொல்லும். பால் திரும்பி ஓடினால் என்ன என்று அது கேட்காது. ஹிராக்கில் நமக்கு ஏற்கெனவே தோன்றியதைத்தான் எழுதுகிறோம். தோன்றாததைத் தோன்ற வைப்பதற்காகவே இந்தக் கேள்வி வரிசை இருக்கிறது.

1963இல் பிரிட்டனில் ஐசிஐ ரசாயன நிறுவனத்தார் புதிய பீனால் ஆலை ஒன்றின் வடிவமைப்பை அலசியதிலிருந்து பிறந்த முறை இது. வாரத்துக்கு 3 நாள், இப்படியே 4 மாதம் உட்கார்ந்தார்கள். நாலு மணிக்குக் களைத்துப்போன கூட்டத்தை நாலு மணிக்கே முடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என்னை உறுத்தும் காட்சியையும் சொல்கிறேன். இன்னொரு ரப்பர் பால் ஆலை. எல்லாக் கேள்வியும் முடிந்து, 'வேறொன்று' என்ற கடைசிச் சொல்லுக்கு வந்தோம். "வரைபடத்தில் எழுதிய வால்வுக்குப் பதில் வேறொன்று மாட்டினால்?" என்று கேட்டேன். நடக்காது என்றார்கள். ஸ்டோருக்குப் போய் மாற்று வால்வுகளைப் பார்க்கலாம் என்று பிடிவாதம் பிடித்தேன். பெட்டியில் கிடந்தவற்றில் சில பித்தளை! அம்மோனியா பித்தளையைத் தின்று விரிசல் விடவைக்கும், செம்பு ரப்பரையும் கெடுக்கும். ஒன்று ஏற்கெனவே மாட்டிக் கழற்றியது, மரையோரம் பச்சையும் நீலமுமாகப் பூத்திருந்தது. ஸ்டோர் கிராணி பாவம், "பட்டணத்துக் கடையில் அந்த அளவில் இதுதான் இருந்தது அம்மா" என்றார். அவரிடம் யாருமே காரணம் சொல்லியிருக்கவில்லை.

பாதுகாப்பு ஏற்பாடு என்ற கட்டத்தில் ஒரு பெயர் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் 1984 டிசம்பர் போபால் விஷவாயுக் கசிவைப் பார்க்கட்டும். மெத்தில் ஐசோசயனேட் இருந்த 610ஆம் தொட்டிக்குள் தண்ணீர் போனது. குளிரூட்டி நிறுத்தப்பட்டிருந்தது, வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது. படத்தில் எல்லாம் இருந்தன.

ஓய்வுபெற்ற பாய்லர்காரர்

பிள்ளைகளே, நான் செம்பனை ஆலையில் குலை வேகவைக்கும் உருளைப் பக்கம் வேலை செய்தவன். உள்ளே ஏறத்தாழ 3 பார் நீராவி. அழுத்தமானி பூஜ்யம் காட்டியது என்று ஒரு பையன் கதவுக் கொண்டியில் கை வைத்தான். அடியிலிருந்த வடிகுழாய் நார் அடைத்து, சுடுநீர் தேங்கி நின்றது. பிடித்து இழுத்தேன். அவ்வளவுதான் என் கதை.

இப்போது கூட்டம் போடுகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்.

மானி பூஜ்யம் காட்டினால் அழுத்தம் இல்லை என்று எழுதாதீர்கள். மானிக்குப் போகும் குழாயும் அடைக்கும். 'ஓட்டம் இல்லை' என்று கேட்கும்போது வடிகுழாயையும் கேளுங்கள். எல்லாரும் பெரிய குழாயைத்தான் பார்க்கிறார்கள்.

ஆலை ஓடும்போது என்ன ஆகும் என்று மட்டும் பேசிவிட்டு எழுந்துவிடுகிறீர்கள். தொடங்கும்போது, நிறுத்தும்போது, மின்சாரம் போய் மீண்டும் வரும்போது? நம் பக்கத்தில் மழைக்காலத்து மாலையில் இடி விழுந்தால் மின்சாரம் போவது புதிதா? அந்த நிமிடத்தில் எந்த வால்வு திறந்து நிற்கும், எது மூடி நிற்கும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

இரவு ஷிஃப்ட் ஆளைக் கூப்பிடுங்கள், ஓவர்டைம் கொடுத்துக் கூப்பிடுங்கள். இப்போது பால் ஸ்டோரிலும் உருளைப் பக்கமும் வங்காளதேசத்துப் பிள்ளைகள், நேப்பாளப் பிள்ளைகள், இந்தோனேசியர்கள். கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தால் அவர்கள் தலையாட்டுவார்கள், பேச மாட்டார்கள். மலாயில் நடத்துங்கள், வரைபடத்தை விரித்து விரலால் காட்டச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஒரு மனிதர் பெயரும் ஒரு தேதியும் போடுங்கள். 'பராமரிப்புப் பிரிவு' என்று எழுதினால் அது யாருடைய வேலையும் இல்லை. அடுத்த கூட்டத்தின் முதல் வேலையே பழைய பட்டியலை வாசிப்பதாக இருக்கட்டும்.

பாடாங் செராய் தம்பி சொன்ன மஞ்சள் குழாய் போல, ஹேசாப் முடிந்த மறுவாரமே ஏதாவது மாற்றுவார்கள். மாற்றத்துக்கு அனுமதிப் படிவம் இல்லாத ஆலையில் ஹேசாப் அறிக்கை தினக்காலண்டர் மாதிரி, ஒவ்வொரு நாளும் ஒரு தாள் பயனற்றுப் போகும்.

2024 ஜூன் 1 முதல் திருத்தப்பட்ட தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடப்பில் இருக்கிறது. இடர் மதிப்பீடு செய்வது முதலாளியின் கடமை. உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பினால், முதலாளி அதை நீக்க எதுவும் செய்யாதபோது தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். இதைக் கான்டீன் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

பச்சைத் தொப்பி

ஐயா சொன்னதில் பெயர், தேதி விஷயத்தை முழுமனத்தோடு ஏற்கிறேன். லூனாஸ் அம்மாவுக்கு ஒன்று மட்டும். 4 மாதம் உட்கார ஐசிஐயால் முடியும். ஆளே கிடைக்காத தோட்டப் பட்டணத்து ஆலையில் முதலில் எந்தக் குழாயை எடுப்பது என்று சொல்லுங்கள். அதுதான் எனக்குத் தேவை.

லயத்து வீடு

நான் எந்த ஆலையிலும் வேலை செய்யவில்லை. ரப்பர் பால் ஆலையை ஒட்டிய தோட்ட லயத்தில் வளர்ந்தவள், அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். ஓர் அதிகாலை மூக்கு எரிந்து விழித்தோம். கண் திறக்க முடியவில்லை. அம்மா ஈரத் துண்டை என் முகத்தில் போட்டு இழுத்துக்கொண்டு கோவில் பக்கம் ஓடினார். ஆலை வாசலில் சைரன் இல்லை, அறிவிப்பு இல்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கோவில் கொடியைப் பார்த்துத்தான் ஓடினோம்.

பின்னால் எப்படியோ அந்த ஆலையின் அறிக்கைப் பக்கம் ஒன்றைப் பார்த்தேன். 'விளைவு' என்ற கட்டத்தில் "ஊழியருக்கு எரிச்சல் ஏற்படலாம்" என்று மட்டும் இருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் லயம் இருக்கிறது. ஆயாக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது பாலர் பள்ளி. இத்தனை பேர் பேசினீர்கள், ஒருவர்கூட வேலியைத் தாண்டவில்லை. கசிந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

லூனாஸ் பொறியாளர்

நீங்கள் கேட்டது முழு நியாயம். பச்சைத் தொப்பி அண்ணாவுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. எந்தக் குழாய் உடைந்தால் வேலிக்கு வெளியே போகுமோ அதை முதலில் எடுங்கள்.

வேலையிடத்தில் அம்மோனியாவுக்கு அனுமதித்த அளவு பத்து லட்சத்தில் 25 பங்கு. 300 பங்கு என்றால் உயிருக்கே ஆபத்தான நிலை. வாயு காற்றைவிட இலேசானது என்று நம்பி நிற்காதீர்கள். அழுத்தத்திலிருந்து பீய்ச்சி வரும்போது குளிர்ந்து, வெண்புகையாகத் தரையோடு தவழும். அதனால் புகையைக் கண்டால் காற்றுக்குக் குறுக்கே விலகி, பிறகு காற்று வரும் பக்கம் போங்கள். பள்ளத்துக்குள் இறங்காதீர்கள். தப்பிக்க வழியே இல்லையென்றால் வீட்டுக்குள் புகுந்து கதவு, ஜன்னல் இடுக்குகளை ஈரத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மா போட்ட ஈரத் துண்டு சரிதான், அம்மோனியாவைத் தண்ணீர் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தீயணைப்பு வண்டி வரும்போது யாராவது இதையும் சொல்லுங்கள்: பரவும் புகையின் மேல் நீர்த்திவலை அடிக்கலாம், தேங்கி நிற்கும் திரவ அம்மோனியாவின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் இன்னும் வேகமாக ஆவியாகும்.

லயத்துத் தலைவரும் பாலர் பள்ளி ஆசிரியையும் சேர்ந்து ஆலை மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சைரன் எங்கே, கூடும் இடம் எது, இரவில் யாரை அழைப்பது என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பிரதியைத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்கும் அனுப்புங்கள். கடிதத்தை நானே எழுதித் தருகிறேன், தனிச் செய்தியில் விவரம் அனுப்புங்கள்.