பனியன் விலையில் எங்கள் கிணறு ஏன் இல்லை?

கேள்வி:
நொய்யல் ஆற்றில் உள்ள ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே எங்கள் தோட்டம். அணை வந்ததும் அப்பா கரும்பு நட்டார். திருப்பூர்ச் சாயக்கழிவு அணையில் தேங்கி, கிணறு உப்பாகிவிட்டது. வாய்க்கால் மண்ணில் வெள்ளையாகப் பூத்த உப்பை நகத்தால் சுரண்டலாம். இந்த நஷ்டம் பனியன் விலையில் ஏன் சேரவில்லை?

பதில் 1:
சாயப்பட்டறைக்காரர் சாயத்துக்கும் கூலிக்கும் விறகுக்கும் காசு கொடுத்தார். நொய்யலில் கழிவை விட்டதற்கு யாரும் பில் போடவில்லையே. இப்படி ஒரு தொழிலின் நஷ்டம் விலையில் சேராமல் வெளியாள் தலையில் விழுவதைத்தான் புறவிளைவு என்கிறார்கள்.

பதில் 2:
2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்றானது. அந்தச் செலவு இப்போது சாயக்கூலியில் ஏறுகிறது.

கேட்டவர்:
சரி, அது இனி நெய்யும் துணிக்கு. எங்கள் கிணற்றுக்கு? தண்ணீரை வாயில் வைத்தால் இன்னும் கரிக்கிறது.